உன் பேரைக் கூப்பிட்ட அன்று

என் அண்ணே, அம்மாவின் தனபாலு,

உயிரோடு இருந்தபோதே என் கடிதங்களை நீ பாதிதான் படிப்பாய். மீதியை "போன்ல சொல்லேன் புவனா" என்று தள்ளிவிடுவாய். இப்போது போனுக்கும் வழியில்லை, அதனால் முழுவதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். நடுவில் எழுந்து போகாமல் நீ என் பேச்சைக் கேட்கப்போவது இதுதான் முதல் தடவை.

உனக்குப் பரிசு கிடைத்திருக்கிறது. இராணுவ ஸ்டாப் காலேஜில் உன்னோடு படித்த அத்தனை ஆபிசர்களிலும் சிறந்த ஆய்வுக் கட்டுரை உன்னுடையதுதானாம். படிப்பு முடிந்த கையோடு உன்னை வடக்குக்கு அனுப்பினார்கள். பட்டமளிப்பு விழா சண்டையால் தள்ளித் தள்ளிப் போனது. அது நடந்தபோது நீ இல்லை. அம்மாவும் நானும் போனோம். போய்ச் சேர்ந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து தொடங்குகிறேன். அதுவரைக்கும் நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று நம் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. "மகன் கொழும்புல எஞ்சினியர்" என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். அது முழுப் பொய்யும் இல்லை, இராணுவத்தில் எஞ்சினியர் பிரிவில்தானே இருந்தாய். ஆமி என்ற சொல்லை மட்டும் அம்மா வாயில் எடுத்ததே இல்லை. லீவில் வரும்போது நீயும் பெல்மடுல்லை டவுனிலேயே சாதாரண சட்டைக்கு மாறிக்கொண்டு, தலைமுடி ஏன் இப்படி ஒட்ட வெட்டியிருக்கிறது என்று யாராவது கேட்டால் பேன் தொல்லை என்பாய். ஒரு மேஜர் சொல்கிற பொய்யா அது?

கொடி போர்த்திய பெட்டியோடு ஆமி லொறி மேல் டிவிசன் பாதையில் ஏறி வந்தபோது எல்லாம் வெளிப்பட்டுவிட்டது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். கண்ணிவெடி என்றால் அப்படித்தானாம். மயானத்தில் உனக்கு மரியாதை வேட்டு வைத்தார்கள். அப்படி ஒரு வழக்கம் இருப்பதை எங்கள் ஆட்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் வெடிக்கே லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடினார்கள். அம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

உன் கருமாதி முடிந்ததும் பக்கத்து வீட்டு மாரியாயி அத்தையின் மகன் ரவியைப் பிடித்தார்கள். இரத்தினபுரியில் கடை வேலை முடிந்து வந்தவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். என்ன குற்றம் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. விசாரணை, விசாரணை என்கிறார்கள். அவன் பேசுகிற சிங்களத்தைக் கேட்டால் ஓப்பநாயக்க டவுன்காரர்களே அவனைத் தமிழன் என்று சொல்லமாட்டார்கள். அடையாள அட்டையை, அந்த ஐசியைக் காட்டியபிறகு சிங்களம் எங்கே உதவுகிறது?

மாரியாயி அத்தை வாசலில் நின்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "ஒங்க வீட்டுக்கு ஆமிக்காரங்க வந்து போனப்புறந்தானே எம்புள்ள அவங்க கண்ணுல பட்டான்?" அன்றைக்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. ஒரே நிரையில் பக்கத்துப் பக்கத்தில் கொழுந்து பறித்தவர்கள், ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள், ஒருவர் போனால் மற்றவர் ஒதுங்கி நிற்கத் தொடங்கினார்கள். ரவியைப் பற்றி உன் கூட்டாளி மேஜர் நிஷாந்தவிடம் கேட்டேன். "அது எங்க கையில இல்ல நங்கி" என்று, தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னார். நீ இருந்திருந்தால் உன் கையிலாவது இருந்திருக்குமா அண்ணே?

அழைப்பிதழைக் கொண்டுவந்ததும் நிஷாந்ததான். ஜீப் வருகிற சத்தம் கேட்டதுமே லயத்தில் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நீ வழக்கமாக உட்காரும் துணிப்பெட்டிமேல் உட்கார்ந்து, அம்மாவுக்கு நிதானமாகச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். மேடையில் உன் பேரைக் கூப்பிடுவார்கள், வீட்டு ஆள் ஒருவர் வந்து பரிசை வாங்க வேண்டும். யாரும் வராவிட்டால் பேரை வாசித்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள், பரிசை வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள்.

அவர் போனபிறகு அம்மா அந்த அட்டையைத் தொடக்கூட இல்லை.

"அந்தச் சட்டையப் போட்டுத்தானே செத்தான். அதுக்குப் பரிசு வேற வாங்கணுமா?" என்றாள். "பக்கத்துக் காம்பராவுல ஒருத்தி புள்ளையப் புடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு அழுவுறா. நான் கொழும்புக்குப் போயி அவங்க கையால பரிசு வாங்கிட்டு வந்து, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பீலிக்குப் போறது?"

எனக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தப் பரிசு சட்டைக்கு இல்லையே, உன் எழுத்துக்குத்தானே. அதைத்தான் அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெரிய மழையில் கீழ் லயத்து மேட்டில் மண் சரிந்தபோது நடந்ததை நீ மாரியாயி அத்தையிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தாய் அல்லவா. உன் முன்னால் இருந்த தேத்தண்ணி ஆறிப்போகும், நீ கேள்விமேல் கேள்வி கேட்பாய். "ஒங்கண்ணன் பொலிஸ்ல சேந்துட்டானா?" என்று அத்தை என்னிடம் கேட்டாள். பாவம், கிட்டத்தட்டச் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

அன்றைக்கு வந்த சிப்பாய்கள் ஒலிபெருக்கியில் "வெளியே வாங்க, வெளியே வாங்க" என்று கத்தினார்கள். சனம் விளங்காமல் நிற்கவில்லை, விளங்கித்தான் நின்றது. விட்டுப் போன லயத்துக்குத் திரும்ப விடுவார்களா என்ற பயம் ஒரு பக்கம். வெளியே வந்தது யார், உள்ளே இருப்பது யார் என்று யாருக்கும் தெரியாத குழப்பம் இன்னொரு பக்கம். கடைசியில் கங்காணி மழையில் நின்று, காலையில் பிரட்டில் ஆள் கணக்கெடுத்து வேலைக்குக் கூப்பிடுகிற மாதிரியே பேர் பேராகக் கூப்பிட்டார். குரல் வந்த வீட்டை விட்டுவிட்டு, குரல் வராத வீட்டைத் தோண்டினார்கள். அப்படித்தான் அப்போது அந்த லயத்தில் இருந்த மாரியாயி அத்தையும் ரவியும் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள். அதை நீ இராணுவத்துக்கு ஒரு முறையாக எழுதிக் கொடுத்திருந்தாய்: மலைநாட்டில் ஆட்களை மீட்கப் போகும்போது முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், வீட்டு ஆள் குரல் கொடுக்கும்வரை அடுத்த பேருக்குப் போகாதீர்கள்.

பிரட்டில் குரல் கொடுப்பது என்றால் என்னவென்று அம்மாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்பாவுக்கு இளைப்பு வந்து படி ஏற முடியாத காலத்தில், "ராமையா" என்று கூப்பிடும்போதெல்லாம் அம்மாதான் முன்வரிசையிலிருந்து, "வர்றாருங்க ஐயா, பின்னாலயே வர்றாருங்க" என்பாள். ஆள் வந்து சேராவிட்டாலும் வீட்டு ஆள் குரல் கொடுத்துவிட்டால் பேரை உடனே வெட்டமாட்டார்கள். அது எங்கள் தோட்டத்தில் எல்லாரும் மதித்த வழக்கம்.

எவ்வளவு சொல்லியும் அம்மா மசியவில்லை. "முடியாதுன்னா முடியாதுதான்" என்று அடுப்பு மூட்டப் போனாள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. எங்கள் லயத்துச் சுவர் கூரைவரைக்கும் போகாது என்பது உனக்குத் தெரியும், இந்தப் பக்கம் பேசுவதெல்லாம் அந்தப் பக்கம் கேட்கும். மாரியாயி அத்தை அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"மதினி."

அம்மா கையில் விறகோடு அப்படியே நின்றாள். வாரக்கணக்கில் கேட்காத குரல் அது.

"பேரு கூப்புடுவாங்கன்னு சொல்லுதுல்ல புள்ள. நான் எம்புள்ளையப் பாக்கப் போறப்ப, அடைச்சி வச்சிருக்குற எடத்துக் கேட்டுல நிப்பேன். உள்ளருந்து அவன் பேரச் சொல்லுவாங்க. சத்தம் குடுக்கலேன்னா அடுத்த பேருக்குப் போயிருவாங்க, அன்னைக்கி மொகத்தப் பாக்க முடியாது. போன தடவ பஸ்ஸு சொணங்கிப்போச்சு. நான் போறதுக்குள்ள கூப்புட்டு முடிச்சிட்டாங்க. உள்ள அவன் என்ன நெனச்சிருப்பான்?" மூக்கை உறிஞ்சினாள். "ஒங்க மேல எனக்குக் கோவந்தான். அது கெடக்கட்டும். புள்ள பேரக் கூப்புடுற எடத்துல ஆளில்லாம விட்டுறாதீங்க. போங்க மதினி."

அம்மா விறகை வைத்துவிட்டு, அட்டையை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து, உன் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

புறப்பட்ட அன்று விடியற்காலையில் மாரியாயி அத்தை வாசலில் ஒரு பால்மா டின்னோடு நின்றாள். மூடியைப் பழைய சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். உள்ளே அதிரசம். சாவு வீட்டில் வருசம் திரும்பும்வரை எண்ணெய்ச்சட்டி வைக்கக் கூடாது, வெறுங்கையோடு ஒரு இடத்துக்குப் போகவும் கூடாது. அதனால் எங்களுக்காக அவள் சுட்டிருக்கிறாள். "தனபாலு கூடப் படிச்சவங்களுக்குக் குடுங்க" என்றாள். ஆமிக் கேம்புக்குள் டின்னைத் தூக்கிக்கொண்டு போவதா என்று எனக்கு எரிச்சல். ஆனால் அவ்வளவு நாளைக்குப் பிறகு நீட்டிய கையை எப்படித் தட்டிவிடுவது? வாங்கிப் பையில் வைத்தேன்.

இரத்தினபுரியில் பஸ் மாறி, குருவிட்ட தாண்டி, அவிசாவளை வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்திருந்தாள். அவிசாவளை தாண்டித்தான் மறித்தார்கள். "பஹின்ட, பஹின்ட" என்று கத்தினார்கள், எல்லாரும் இறங்கினோம். ஐசியை வாங்கிப் பார்த்த சிப்பாய் எங்கள் இருவரையும் மட்டும் ஒரு பக்கமாக நிற்கச் சொன்னான்.

எங்கே போகிறீர்கள் என்றான். ஸ்டாப் காலேஜுக்கு என்றேன். அவனுடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர், கையில் இராணுவக் கல்லூரி அழைப்பிதழ், அன்றைக்கு அங்கே பெரிய பெரிய ஆபிசர்களெல்லாம் கூடுகிறார்கள். அவன் இடத்தில் நீ இருந்தால் என்ன நினைத்திருப்பாய்? பிறகு பையைத் திறக்கச் சொன்னான். துணியால் இறுகக் கட்டிய டின்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்த் துவக்கைத் தூக்கிவிட்டான்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய சனம் ஓடிப்போய்க் கடையோரம் ஒதுங்கியது. டின்னை நடு ரோட்டில் வைத்துவிட்டு விலகச் சொன்னார்கள். கீழே போட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. போட்டால் அந்தச் சத்தத்துக்கே சுட்டிருப்பார்கள். கண்டக்டர் எங்கள் குடையை ரோட்டோரம் வைத்துவிட்டு மணியடித்தான். பஸ் போய்விட்டது. போனது பஸ் மட்டும் இல்லை, உன் விழாவும்தான் என்று நினைத்தேன்.

சார்ஜண்ட் ஒருவர் வந்து, தூரத்தில் நின்றபடி என்னையே டின்னைத் திறக்கச் சொன்னார். முடிச்சு அவிழவில்லை. மாரியாயி அத்தை கட்டினால் அது கொழுந்துச் சாக்குக்குப் போடுகிற கட்டு. பல்லால் இழுத்து அவிழ்த்தேன். அதிரச வாசனை வந்ததும் ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். சார்ஜண்ட் சிரிக்கவில்லை. நஞ்சாகவும் இருக்கலாமே என்றார். அம்மாவைக் காட்டி, அந்த அம்மா ஒன்றைத் தின்னட்டும் என்றார்.

அம்மா மாட்டேன் என்று தலையசைத்தாள். நீ போன நாளிலிருந்து அவள் தேத்தண்ணிக்குக்கூடச் சீனி தொட்டதில்லை. நான் தின்கிறேன் என்று முன்னால் போனேன். "நீ இல்லை, அந்த அம்மா" என்றார். அவள் மறுக்க மறுக்க அவர்களுடைய சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உன்மேல்தான் ஆத்திரம் அண்ணே. இதே சட்டையைப் போட்டுக்கொண்டு இப்படி ரோட்டில் நின்று எத்தனை தாய்மாரை நீ மறித்தாயோ என்று மனது கேட்டது. அதைக் கேட்க உன்னைத் தவிர எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"ஏன் தின்னமாட்டாய்?" என்று அந்தச் சார்ஜண்ட் கத்தினார்.

அப்போது அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "மகே புதா ஹமுதாவே" என்றாள். என் மகன் இராணுவத்தில். இத்தனை வருசமாக எங்கள் வீட்டில் தமிழில் சொல்லாத சொல்லை, முன்பின் தெரியாத ஒருவரிடம், நடு ரோட்டில், சிங்களத்தில் சொன்னாள். எங்கே அவன் என்று அவர் கேட்டார். அம்மா டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போனார், சாவு வீட்டில் பலகாரம் தின்னக் கூடாது, அதனால்தான் தின்னமாட்டேன் என்கிறாள் என்று நான் சொன்னேன்.

"எல்லாரும் இப்படி ஒரு கதை வைத்திருக்கிறார்கள்" என்றார் அவர்.

அம்மா குனிந்து ஒரு அதிரசத்தை எடுத்தாள். மெதுவாக, தண்ணீர்கூடக் கேட்காமல், முழுவதையும் தின்றாள். தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "போதுமா மாத்தயா?" என்று ஐயா போட்டுக் கேட்டாள். அந்த இடத்தில் நான் உடைந்துவிட்டேன். கல்யாணம் காட்சிக்குக்கூடப் போகாமல் உனக்காகத் துக்கம் காத்தவள் அவள்.

அதற்குப் பிறகுதான் சார்ஜண்ட் அழைப்பிதழில் இருந்த நம்பருக்குப் போன் எடுத்தார். அங்கே சுற்றி இங்கே சுற்றிக் கடைசியில் நிஷாந்த கிடைத்தார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. சார்ஜண்ட் போனை வைத்துவிட்டு, தானே டின்னின் மூடியைப் போட்டு, அந்தக் கிழிசலைச் சுற்றிக் கட்டினார். அவருக்குக் கட்டத் தெரியவில்லை. அடுத்து வந்த பஸ்ஸை நிறுத்தி, முன் சீட்டில் இருந்த இருவரை எழுப்பிவிட்டு எங்களை உட்காரவைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் பக்கம் பார்க்கவும் இல்லை.

கல்லூரி வாசலில் நிஷாந்த நின்றுகொண்டிருந்தார். விழா தொடங்கிவிட்டது, பரிசுகள் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். டின்னை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அதை வாசல் காவலர்களிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக நடத்திக்கொண்டு போனேன். குடும்பத்தாருக்கு முன்வரிசையில் இடம் வைத்திருந்தார்களாம். நாங்கள் போன நேரத்தில் முன்னால் போக முடியவில்லை, கடைசி வரிசையில்தான் உட்காரவைத்தார்கள். நிஷாந்தவும் பட்டம் வாங்க வேண்டியவர் என்பதால் தன் வரிசைக்கு ஓடினார். உன் பேரைக் கூப்பிட்டதும் நான் எழுந்து மேடைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வெள்ளை உடுப்பு, பச்சை உடுப்பு, நீல உடுப்பு, மினுங்குகிற பித்தளை. இருமல் சத்தம்கூட இல்லாத மண்டபம். மேடையில் மேசை நிறையப் பரிசுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆந்தை உட்கார்ந்திருந்தது.

அம்மா என் காதோடு கேட்டாள். "ஏன்டி, சாக்குருவியவா பரிசாக் குடுக்குறாங்க?"

"அவங்களுக்கு அது படிப்புக்கு அடையாளம்மா. சும்மா இருங்க."

"ராத்திரில அது கத்துனா ஒங்கப்பா கல்லெடுத்து எறிவாரு" என்றாள். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் உனக்கும் வந்திருக்கும், இரண்டு பேரையும் வெளியே அனுப்பியிருப்பார்கள்.

பிறகு ஒரு ஆபிசர் ஆங்கிலத்தில் வாசித்தார். பாதி எனக்குப் பிடிபட்டது. மண்சரிவு, மலைநாட்டுத் தோட்டங்கள், பேர் சொல்லி அழைக்கும் முறை. கடமையில் உயிரிழந்த அதிகாரி என்றார். எழுந்து அவ்வளவு தூரம் அத்தனை கண்களுக்கு நடுவே எப்படி நடப்பேன் என்று தெரியவில்லை.

"மேஜர் ராமையா தனபால்."

நான் கதிரையின் கையைப் பிடித்து எழப்போனேன். அதற்குள் எனக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற பிரட்டுக் குரல்.

"வர்றானுங்க ஐயா. பின்னாலயே வர்றானுங்க."

அண்ணே, அந்த மண்டபத்தில் தமிழில் ஒரு குரல். அந்த மாதங்களில் பஸ்ஸில்கூடத் தமிழை மெதுவாகத்தான் பேசினோம். முன்னால் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. சுவரோரம் நின்ற காவலர்கள் இரண்டு பேர் எங்கள் வரிசையை நோக்கி வந்தார்கள். நான் அம்மாவின் கையை அமுக்கினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிவாங்கியில் இருந்தவருக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து உன் பேரை மறுபடியும் வாசித்தார்.

அம்மா எழுந்து நின்றாள். "வர்றானுங்க ஐயா" என்று முன்னைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள். நிஷாந்த தன் வரிசையிலிருந்து எழுந்து காவலர்களுக்குக் கையைக் காட்டினார். அவர்கள் நின்றார்கள். நான் அம்மாவுக்குப் பின்னாலேயே போனேன்.

மேடைக்குப் படி இருந்தது. அம்மா ஏறவில்லை. பிரட்டுக்களத்தில் தொரை நிற்கிற மேட்டில் நம் ஆட்கள் ஏறமாட்டார்களே, அந்தப் பழக்கத்தில் படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள். ஏறுங்கள் என்று நான் முணுமுணுத்தது அவளுக்குக் கேட்கவில்லை. மேடையில் பரிசோடு நின்ற பெரிய ஆபிசர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் கீழே இறங்கி வந்தார்.

என்ன சொன்னீர்கள் அம்மா என்று சிங்களத்தில் கேட்டார்.

"பேர் கூப்பிட்டீங்களே மாத்தயா, வீட்டு ஆள் இருக்குன்னு சொன்னேன்" என்று அம்மாவும் சிங்களத்தில் சொன்னாள்.

அவர் ஆந்தையை இரண்டு கையாலும் கொடுத்தார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கைதட்டல் வந்ததா இல்லையா என்று சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை.

திரும்பும்போது வாசலில் டின்னைக் கேட்டு வாங்கினோம். காவலுக்கு நின்றவர்கள் முக்கால்வாசியைத் தின்று தீர்த்திருந்தார்கள். உன்னோடு படித்தவர்களுக்கு ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. மாரியாயி அத்தையிடம் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. டின்னைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. எங்கள் வீட்டுக்குள் வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சத்தம் குடுத்தீங்களா மதினி?"

"குடுத்தேன்."

இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

சாக்குருவியை வீட்டுக்குள் வைக்க அம்மாவுக்கு மனமில்லை, வெளியே வைக்கவும் மனமில்லை. இப்போது உன் படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, முகம் சுவரைப் பார்த்தபடி. பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகுமுன் நான் திருப்பி வைப்பேன். வகுப்பு முடிந்து வந்தால் மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சண்டை முடிந்துவிட்டது அண்ணே. ரேடியோவில் சொன்ன அன்று டவுனில் பட்டாசு வெடித்தார்கள், பால்சோறு கொடுத்தார்கள். முதல் வெடிக்கே அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். சண்டை முடிந்தால் ரவியை விட்டுவிடுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். இன்னும் விடவில்லை. நிஷாந்த பார்ப்போம் என்கிறார். அவர் முயற்சி செய்கிறாரா, என் மனம் நோகாமல் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நீ இருந்தால் அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாய்.

மாரியாயி அத்தைக்கு முழங்கால் வீங்கிவிட்டது. தனியாகப் பஸ் ஏற முடியவில்லை. ரவியைப் பார்க்க விடுகிற நாள் வருகிறது. நேற்று அம்மா சுவரைப் பார்த்து, "நாங்களும் வர்றோம் மாரியாயி. நீ நடந்து வாரதுக்குள்ள கூப்புட்டாலும் நான் சத்தம் குடுக்குறேன்" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து அழுகைதான் வந்தது.

குரல் வரும்வரை அடுத்த பேருக்குப் போகாதீர்கள் என்று நீ எழுதினாய். அடுத்த பேருக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் அந்தக் கேட்டில் ரவியின் பேரைக் கூப்பிடும்போது, அவன் வெளியே வருகிற நாள்வரைக்கும், எங்கள் மூன்று பேரில் ஒருத்தியாவது நின்று குரல் கொடுப்பாள். உன் பேரில் சொல்கிறேன் அண்ணே, ஒரு தடவைகூடத் தவறவிடமாட்டோம்.

இப்படிக்கு,
நீ கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிற உன் தங்கை,
ராமையா மகள் புவனா